நான்காம் உபாயம்

பதுளைக்கு ரயில் வந்த வருஷம் அது. ஊரெல்லாம் புது ஸ்டேஷனை வேடிக்கை பார்க்கப் போய்க்கொண்டிருந்த நாட்களில், கடைவீதிக் கோடியில் சின்னதாக ஓர் அச்சுக்கூடம் வைத்திருந்த தாஸிம் வாசிகசாலையில் ஒரு பிரசங்கம் செய்தார். பழங்காலத்து அரசர்கள் பிறரைத் தங்கள் வழிக்குக் கொண்டுவரக் கையாண்ட நான்கு உபாயங்களைப் பற்றி. இனிமையாகப் பேசிப் பார்ப்பது சாமம். கொடுத்துப் பார்ப்பது தானம். எதிரே நிற்பவர்களுக்குள் பிளவு உண்டாக்குவது பேதம். இவை எதுவும் பலிக்காத இடத்தில், குற்றத்தை விசாரித்து, அதன் அளவுக்கு மிஞ்சாமல் ஒறுப்பது தண்டம்.

கீழக்கரையில் சிறு வயதில் ஒரு புலவரிடம் பாடம் கேட்டவர் தாஸிம். கல்யாணப் பத்திரிகையும் திருவிழா நோட்டீசும் அடித்துப் பிழைத்தாலும் மனசு அந்தப் பழைய நூல்களிலேயே கிடந்தது. கேட்க வந்தவர்கள் கொஞ்சப் பேர்தான். பின் வரிசையில் கோர்ட்டில் வழக்காடும் பிறக்கிராசி வீரசிங்கம் உட்கார்ந்திருந்ததைப் பேசி முடித்த பிறகுதான் கவனித்தார்.

வீரசிங்கத்தைத் தெரியாதவர் ஊவாவில் இல்லை. பெரிய கங்காணி ஒருவரின் மகன். தோட்டக் கூலிகள் குடியிருக்கும் லயத்துப் பிள்ளைகளோடு ஓடியாடி வளர்ந்து, கொழும்பில் சட்டம் படித்து, கோட்டும் தலைப்பாகையுமாகத் திரும்பி வந்தவர். இந்தியாவிலிருந்து வந்து குடியேறியவர்கள் தங்களுக்கென்று ஆள் தெரிந்தெடுத்துச் சட்டசபைக்கு அனுப்பலாம் என்று அரசாங்கம் அறிவித்திருந்தது. அந்தத் தேர்தலில் அவர் நின்றார். வாக்கு எல்லாருக்கும் இல்லை. எழுதப் படிக்கத் தெரிந்து வருமானமும் உள்ள கங்காணிமார், கணக்கப்பிள்ளைமார், டவுனில் கடை வைத்திருப்பவர்கள், இவர்களுக்குத்தான்.

மறுநாள் காலை வீரசிங்கத்தின் கார் அச்சுக்கூடத்து வாசலில் வந்து நின்றது.

"நானா, நேத்து பேசினத அப்படியே ஒரு பொஸ்தகமா எழுதித் தாங்க" என்றார், கொடுத்த ஸ்டூலில் தயங்காமல் உட்கார்ந்துகொண்டு. "ஒரு திருத்தம் மட்டும். அந்தக் காலத்து ராஜா என்ன செஞ்சான், இந்தக் காலத்துத் தலைவன் என்ன செய்யிறான். ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. நான் அந்த அளவுக்கு வருவேனா மாட்டேனான்னு நீங்களே எடைபோட்டு எழுதுங்க. புகழ்ந்து எழுதச் சொல்லல. பாத்தத எழுதுங்க. எங்கூட வாங்க, எல்லாத்தையும் பாருங்க."

தாஸிமுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. இத்தனை வருஷமாக யாரும் மதிக்காத தம்முடைய படிப்பை ஒரு பெரிய மனிதர் தேடி வந்து மதிக்கிறார். புகழ வேண்டாம் என்றும் சொல்கிறார்.

அடுத்த வாரங்களில் தாஸிம் அந்தக் காரின் பின் சீட்டில் மலை மலையாகச் சுற்றினார். ஹாலிஎல பக்கம் இரண்டு பெரிய கங்காணிமார் கோயில் முதல் மரியாதைக்காக வருஷக்கணக்கில் முறைத்துக்கொண்டு கிடந்தார்கள். வீரசிங்கம் இருவரையும் ஒரே பாயில் உட்கார வைத்து, அவரவர் தகப்பன் பாட்டன் பெருமையை எடுத்துச் சொல்லி, பொழுது சாய்வதற்குள் ஒருவர் வெற்றிலையை மற்றவர் வாங்கிப் போடும்படி செய்துவிட்டார். குரலை ஒரு தடவைகூட உயர்த்தவில்லை. அப்புத்தளையில் மழை ஒழுகும் பள்ளிக்கூடம் ஒன்றுக்குத் தகரம் வாங்கிக் கொடுத்தார். கூரை ஏறுகிறவரை பனியில் நனைந்தபடி கூடவே நின்றார். எந்த வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை, எந்தப் பிள்ளைக்குக் காது குத்து, எல்லாம் அவருக்கு மனப்பாடம்.

முதல் இரண்டு அத்தியாயங்களும் தாஸிமின் கையிலிருந்து தண்ணீராக ஓடின. ஒன்று மட்டும் அவருக்கு உறுத்தலாக இருந்தது. ஒவ்வோர் இடத்திலிருந்தும் திரும்பும்போது வீரசிங்கம் வெளியே பார்த்தபடி ஒரே கேள்வியைக் கேட்பார்: "அவன் எதுக்குப் பயப்படுறான், கவனிச்சீங்களா?"

தாஸிம் கவனித்திருக்கவில்லை. வீரசிங்கம் கவனித்திருந்தார். ஒருவனுக்குத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை. ஒருவனுக்கு மருமகன். ஒருவனுக்குச் செத்துப்போன அண்ணன்.

அந்த மாதக் கடைசியில் கொழும்பிலிருந்து ஒரு பெரிய பெட்டி வந்து இறங்கியது. காலால் மிதித்து ஓட்டும் புது அச்சு இயந்திரம். வீரசிங்கத்தின் அன்பளிப்பு. தாஸிம் அதைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். அவர் மனைவி நளீரா கதவோரம் நின்று பார்த்தாளே தவிர கிட்டே வரவில்லை.

"நாங்க வாங்கினா எங்கட சாமான்" என்றாள். "இது ஆர்ட சாமான்ண்டு எனக்கு வெளங்கல்ல."

"அன்பாத் தந்திருக்கார். அதுல என்ன?"

"நல்ல மனுஷர்தான். நான் ஒண்டும் செல்லல்ல."

பசறைக்கு மேலே இருந்த கல்லுமலைத் தோட்டத்து விஷயம் அப்போதுதான் வந்தது. லயத்து ஆட்கள் குடிக்கிற ஓடைக்கு மேலே துரை புதிதாக மாட்டுப்பட்டி கட்டியிருந்தார். சாணமும் மூத்திரமும் ஓடையில் கலந்து, ஆட்கள் தண்ணீர் பிடிக்கிற பீலியில் வந்து விழுந்தன. வயிற்றுக்கடுப்பில் குழந்தைகள் செத்தன. கொழுந்து பறிக்கிற கருப்பம்மாவின் மகளும் அதில் ஒருத்தி. புருஷனை முன்னமே இழந்தவள் கருப்பம்மா. மகளைப் புதைத்த மறுநாள் கொழுந்துக் கூடையைக் கீழே வைத்துவிட்டாள். அவளைப் பார்த்து மற்றப் பெண்களும் வைத்தார்கள். ஆண்கள் பக்கம் நின்று பேசியவன் தம்பையா. கொஞ்சம் எழுதப் படிக்கத் தெரிந்த, துணிச்சலான ஆள். இருவரும் சேர்ந்து பதுளைக்கு நடந்தே வந்து வீரசிங்கத்தின் கந்தோரில் அவர் மேசைக்கு முன்னால் நின்றபோது தாஸிமும் அங்கே இருந்தார்.

"மாட்டுப்பட்டிய எடுக்கச் சொல்லுங்க சாமி. வேற ஒண்ணும் வேணாம்" என்றாள் கருப்பம்மா.

வீரசிங்கம் எழுந்து வந்து அவளுக்குத் தம் கையாலேயே தேநீர் கொடுத்தார். மகளின் பெயரைக் கேட்டார். "நான் பாத்துக்கறேன் தாயி, நீங்க வேலைக்குப் போங்க" என்றார். அவள் அழுதாள். தாஸிமுக்கும் கண் கலங்கியது.

சில வாரம் கழித்து வீரசிங்கமும் தாஸிமும் கல்லுமலைக்குப் போனார்கள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் தோட்டம் முழுவதும் கூடியிருந்தது. பெரிய கங்காணி வீரசிங்கத்துக்கு மாலை போட்டார். அவருக்குப் பக்கத்தில், தலையில் புது லேஞ்சியும் கையில் பிரம்புமாகத் தம்பையா நின்றான். அவனைச் சில்லறைக் கங்காணியாக்கியிருந்தார்கள்.

வீரசிங்கம் அவன் தோளில் கை போட்டுக்கொண்டு பேசினார். "நியாயம் கேக்குறதுக்கு ஒரு முறை இருக்கு. தம்பையா முறையாக் கேட்டாரு, மேல வந்திருக்காரு. சில பேரு வாய்க்கு வந்ததப் பேசி மத்தவங்க வயித்துல அடிக்கிறாங்க. அவங்க யாருன்னு ஒங்களுக்கே தெரியும்."

கூட்டம் திரும்பிப் பார்த்தது. கருப்பம்மாவைச் சுற்றி நின்ற பெண்கள் மெல்ல மெல்ல நகர்ந்து, அவள் நின்ற இடம் வெறிச்சென்று ஆகிவிட்டது. அவள் தம்பையாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் பிரம்பைப் பார்த்தான்.

மாட்டுப்பட்டி இருந்த இடத்திலேயே இருந்தது.

திரும்பும் வழியில் மலை முழுக்கப் பனி இறங்கி, காரின் விளக்கு இரண்டடிக்கு மேல் எட்டவில்லை. வெளியே பார்த்தபடி வந்த வீரசிங்கம் கேட்டார்: "மூணாவது அத்தியாயம் கெடச்சுதா நானா?"

தாஸிம் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஐயா, அந்த நூல்கள்ல பேதம்ண்டு செல்றது பகைவருக்கு. இவங்க உங்கள நம்பி வந்தவங்க."

"பகைவன் யாருன்னு எந்த நூல்லயாவது பேரு போட்டிருக்கா?" வீரசிங்கம் கோபப்படவில்லை. பாடம் கேட்கிறவர் போலத்தான் கேட்டார். "இந்தத் தோட்டத்துப் பெரிய கங்காணி கண்ணைக் காட்டினா இந்தப் பக்கத்துல எல்லாக் கங்காணியும் எனக்குப் போடுவான். அந்தப் பொம்பளைக்கு வாக்கே இல்ல. நான் சபைக்குப் போனாத்தான எல்லாத் தோட்டத்துத் தண்ணியையும் பத்திப் பேச முடியும்? ஒங்க ராஜா என்ன செஞ்சிருப்பான், சொல்லுங்க."

அந்தப் பழைய ஆசிரியர்கள் எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று சொல்லி வைத்திருந்தார்கள். குடிகளைக் காப்பதற்குத்தான் அரசன். உபாயமெல்லாம் அதற்குப் பிறகு. தாஸிம் அதைச் சொல்ல வாயெடுத்தார். காருக்குள் அந்தச் சொற்கள் எழும்பவில்லை.

வீட்டுக்கு வந்தால் நளீரா முகம் வாடி உட்கார்ந்திருந்தாள். அவளுடைய அண்ணன் லத்தீப் தோட்டங்களுக்கு அரிசி போடுகிற வியாபாரி. கடைவீதியில் தாஸிமுக்குக் கைகொடுக்க இருந்த ஒரே சொந்தம். அவர் அன்று தங்கையைக் கண்டும் காணாதவர்போலப் போய்விட்டாராம். மறுநாள் தாஸிம் நேரே கடைக்குப் போனார்.

"மச்சான், என்ன கோவம்?"

லத்தீப் தராசிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நான் தோட்டத்துக்குப் போடுறது புழுத்த அரிசிண்டு நீங்க பொஸ்தகத்துல எழுதப் போறீங்களாமே."

"ஆரு செல்லினது?"

"செல்லவேண்டிய ஆக்கள்தான் செல்லினாங்க. நீங்க இப்ப கார்ல போற மனுஷன். நாங்க எங்கட பாட்டுக்கு ஈக்கிறோம்."

எவ்வளவு சொல்லியும் லத்தீப் நம்பவில்லை. கடையை விட்டு இறங்கி நடக்கும்போதுதான் தாஸிமுக்குப் பொறி தட்டியது. ஸ்டூலில் உட்கார்ந்து பேசிய அந்த இனிமையான பேச்சு. இயந்திரம். இப்போது லத்தீப். தாம் எழுதிக்கொண்டிருந்த வரிசை தம்மேலேயே ஒவ்வொன்றாக நடந்து முடிந்திருக்கிறது. மிச்சம் ஒன்றுதான். நடுப்பகல் வெயிலில் கடைவீதியில் நின்று அவர் பின்னால் திரும்பிப் பார்த்தார். யாரும் வரவில்லை. அது அவருக்கு ஆறுதலாக இல்லை.

ஆனால் அந்த நான்காவது, தண்டம், முதலில் விழுந்தது கருப்பம்மாவின் தலையில். ஐப்பசி மழை கொட்டத் தொடங்கிய வாரத்தில், அவள் கொழுந்து மலையில் நின்ற நேரம் பார்த்து, ஆட்கள் வந்து லயத்தில் அவள் இருந்த ஒற்றை அறைக் காம்பராவின் கூரைத் தகரங்களைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவன் தம்பையா. அடுப்பு கரைந்து, அரிசியும் துணியும் சேறாகிக் கிடந்தன. தோட்டத்துப் பதிவிலிருந்து பேரையும் வெட்டிவிட்டார்கள். மூட்டையோடு அவள் பதுளை கடைவீதியில் நனைந்துகொண்டு நின்றதைக் கண்டு, நளீராதான் கூட்டி வந்து அச்சுக்கூடத்தின் பின்னால் காகிதம் அடுக்கும் அறையில் படுக்க இடம் கொடுத்தாள்.

"ஒன்னைய வச்சிருந்தா தோட்டத்துக்கு ஆகாதுன்னு வீரசிங்கம் ஐயாவே சொல்லிட்டாரு, அப்படின்னு பெரிய கங்காணி சொன்னாருங்க" என்றாள் கருப்பம்மா. "டீத்தண்ணி குடுத்தாரே, அந்தக் கையி."

தாஸிம் அன்றே உட்கார்ந்து, பாதியில் விட்டிருந்த மூன்றாம் அத்தியாயத்தை முடித்துவிட்டு, நான்காம் அத்தியாயத்தை எழுதினார். ஒளிக்கவில்லை. குற்றத்தை விசாரிக்காமல், அளவு பார்க்காமல், நல்ல தண்ணீர் கேட்ட தாய் ஒருத்தியைத் தண்டித்த தலைவனை எந்தப் பழைய நூலும் அரசன் என்று ஒப்பாது என்று எழுதினார். அவன் அந்தக் கருவிகளை மட்டும் எடுத்துக்கொண்டான், எதற்காக அவை செய்யப்பட்டனவோ அதை எறிந்துவிட்டான் என்று எழுதினார். தோட்டத்தின் பேர், மாட்டுப்பட்டி, கழற்றிய தகரம், கருப்பம்மாவின் பேர், செத்த மகளின் பேர், எல்லாம் எழுதினார்.

படித்துக் காட்டியபோது நளீரா கேட்டாள்: "அவகிட்டக் கேட்டீங்களா, பேரப் போடலாமாண்டு?"

"உண்மைக்குப் பேர் வேணும் நளீரா. பேரில்லாட்டிக் கதையாப் போயிடும்."

அவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள். தாஸிம் புது இயந்திரத்தைத் தொடாமல் பழைய கைப் பொறியிலேயே அடித்து, நான்கு அத்தியாயத்தையும் சேர்த்துத் தைத்து, பசறைக்கும் பண்டாரவளைக்கும் அப்புத்தளைக்கும் தெரிந்த கடைகள் மூலம் அனுப்பினார்.

பிறகு காத்திருந்தார். ஒன்றும் நடக்கவில்லை. கல் விழவில்லை, பொலிஸ் வரவில்லை. ஆனால் வழக்கமாக நோட்டீஸ் அடிக்க வருகிறவர்கள் வரவில்லை. எதிர்க் கடைக்காரர் ஸலாமுக்குப் பதில் சொல்லிவிட்டு உடனே உள்ளே போனார். பள்ளிவாசலில் அவருக்கு இரண்டு பக்கமும் இடம் காலியாகக் கிடந்தது.

வெள்ளிக்கிழமை பின்னேரம் வீரசிங்கம் வந்தார். கையில் புத்தகம். பக்கங்கள் நிறையத் தரம் புரட்டியதுபோல மடங்கியிருந்தன.

"நல்லா எழுதியிருக்கீங்க நானா" என்றார். "நாலாவதுதான் ரொம்ப நல்லா இருக்கு. இன்னும் ஆயிரம் அடிச்சுத் தாங்க."

தாஸிமுக்குக் காதில் விழுந்தது புரியவில்லை.

"மூணு அத்தியாயம் படிச்சவன் எனக்குப் போடலாமா வேணாமான்னு யோசிப்பான். நாலாவதையும் படிச்சவன் யோசிக்க மாட்டான். கல்லுமலையில பெரட்டு நேரத்துல அதைச் சத்தமா வாசிக்கிறாங்க தெரியுமா? நான் சொன்னா மெரட்டுறேன்னு சொல்லுவாங்க. ஒங்களைப் போல படிச்ச மனுஷன், அதுவும் என்னைய எதிர்த்து எழுதும்போது, எல்லாரும் நம்புறாங்க."

"நான் அடிக்க மாட்டேன். அந்த மெஷினையும் கொண்டுபோங்க."

"மெஷின் இருக்கட்டும். கொழும்புல அடிச்சுக்கறேன்."

"இப்பிடிப்பட்டவன் விழுவான்ண்டு அந்த நூல்கள்ல ஈக்கு" என்றார் தாஸிம்.

வீரசிங்கம் கொஞ்சம் யோசித்தார். உண்மையாகவே அறிந்துகொள்ள விரும்பியவர்போல இருந்தது அவர் முகம். "எப்போ விழுவான்னு இருக்கா?"

தாஸிம் பழைய கைப் பொறியின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இருக்காது" என்று சொல்லிவிட்டு, எழுந்து, நளீராவுக்கு வணக்கம் வைத்துவிட்டுப் போனார்.

தேர்தலில் அவர்தான் வென்றார். எதிர்த்து நின்றவருக்கு ஊவாவில் பேர் சொல்லும்படியாக ஒன்றும் விழவில்லை. வெடி வெடித்துக்கொண்டு ஊர்வலம் போன அன்றைக்குக் கருப்பம்மா அச்சுக்கூடத்தின் முன்பக்கம் வந்தாள். வேலை தேடி மூன்று நாலு தோட்டம் ஏறி இறங்கியிருந்தாள்.

"மொதலாளி, எம் பேரப் பொஸ்தகத்துல போட்டீங்களா?"

"போட்டேன்."

"எம் மக பேரயும்?"

"ஓம்."

"பேரச் சொன்னதுமே கங்காணிமாரு என்னையப் பாத்து ஓடுறாங்க. 'வாயத் தெறந்தா கருப்பம்மா கதிதான்'ன்னு பொம்பளைங்களுக்குச் சொல்றாங்களாம். செத்த புள்ள பேரச் சொல்லிப் பயங்காட்டுறாங்க." அவள் சத்தம் போடவில்லை. "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

எழுத்தால் கெடுத்ததை எப்படியாவது நேராக்க வேண்டும் என்று, தாஸிம் மறுநாளே அவளைக் கூட்டிக்கொண்டு சுகாதார அதிகாரியின் கந்தோருக்கு நடையாய் நடந்தார். அதிகாரி வெள்ளைக்காரர், நேர்மையானவர் என்று பேர். கடைசியில் ஒரு நாள் குறித்து, தாமே வந்து ஓடையைப் பார்ப்பதாகச் சொன்னார்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மாட்டுப்பட்டியில் மாடு இல்லை. தரை கழுவிச் சுண்ணாம்பு தெளித்திருந்தது. ஓடை கண்ணாடிபோல் ஓடியது. அதிகாரி பீலியில் தம்ளரை ஏந்தி ஒரு மிடறு குடித்துப் பார்த்துத் தலையசைத்தார். பின்பு சுற்றி நின்ற பெண்களிடம், குறை ஏதும் உண்டா என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டார்.

யாரும் வாய் திறக்கவில்லை. கருப்பம்மா ஒவ்வொருத்தியாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். போன மாதம் பிள்ளையைப் பறிகொடுத்த ஒருத்தியைக் கூப்பிட்டாள். அவள் முக்காட்டை இழுத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். தம்பையா பிரம்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓரமாக நின்றான். அவன் மிரட்டவேண்டிய அவசியமே இருக்கவில்லை. அதிகாரி தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு குதிரையில் ஏறினார்.

தாஸிமும் கருப்பம்மாவும் பசறைச் சந்திவரை இறங்கி நடந்தார்கள். அவளிடம் மூட்டை இருந்தது. காலையில் புறப்படும்போதே கொண்டுவந்திருந்தாள் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

"பதுளைக்கு வரல்லையா?"

"மொனராகலைப் பக்கம் ரப்பர் தோட்டம் இருக்காம். என்னையத் தெரிஞ்சவங்க அங்க யாரும் இல்ல. பேர மாத்திக்கிட்டுப் போறேன்."

"என்ன பேர் வைக்கப் போறீங்க?" என்று கேட்டார் தாஸிம். வேறு என்ன கேட்பதென்று தெரியாமல்தான் கேட்டார்.

கருப்பம்மா மூட்டையைத் தலையில் தூக்கி வைத்து நேராக்கிக்கொண்டாள்.

"ஒங்ககிட்ட சொல்ல மாட்டேன் மொதலாளி" என்று சொல்லிவிட்டு, லுணுகலை ரோட்டில் இறங்கிப் போனாள்.